உள்ளேன் ஐயா: பிகிரெப் கட்டளையோடு என் மூன்று ஆண்டுகள்

மூன்று இரவுகள் ஒரு எஸ்எம்எஸ் கூடப் போகவில்லை. நான்காம் நாள் காலையில் ஆத்தூர் விதைக்கடைக்காரர் நேரில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. "சரக்கு வந்தால் தகவல் வரும் என்றீர்களே அம்மா, நாற்று விடும் நாளே போய்விட்டது" என்றார். அவருடைய மூட்டைகள் எங்கள் கிடங்கில் செவ்வாய்க்கிழமையிலிருந்து சாய்ந்து கிடந்தன.

சேலத்தில் ஒரு பார்சல் லாரி அலுவலகத்தில் புக்கிங் எழுத்தராகச் சேர்ந்தவள் நான். இப்போது அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நானே. சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையை நினைத்துவிட வேண்டாம். சீட்டு போடும் மேசைக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. லாரி வந்து சரக்கு இறங்கியதும் உரியவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு பைத்தான் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், இரவு பகலாக ஓட வேண்டும். அது நின்றுபோனால் எழுப்பிவிட, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஒரு காவல் ஸ்கிரிப்ட் உண்டு. அந்தக் காவல்காரன்தான் மூன்று இரவும் "எல்லாம் நலம்" என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

அவனிடம் நான் கொடுத்திருந்தது, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் பக்கம் வந்த எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி. பிஎஸ் கட்டளையால் பிராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், அனைத்தையும் பட்டியலிட்டு, அதை வரிகளில் சொல் தேடும் கிரெப் கட்டளைக்கு அனுப்பி, வேண்டிய பெயர் உள்ள வரிகளை எண்ணுவது. பூஜ்யத்துக்கு மேல் வந்தால் ஓடுகிறது என்று பொருள். இதிலுள்ள ஓட்டை எல்லாருக்கும் தெரியும், எழுதும்போது மட்டும் மறந்துபோகும். கிரெப்பும் ஒரு பிராசஸ்தான். அதைத் தொடங்கத் தட்டிய கட்டளை வரியிலேயே நாம் தேடும் பெயர் இருக்கிறது. ஆகவே பட்டியலில் அதுவும் வந்து நிற்கும். வகுப்பில் பையன் வரவில்லை. பெயரைக் கூப்பிட்ட வாத்தியாரே "உள்ளேன் ஐயா" என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். மூன்று இரவும் நடந்தது இதுதான்.

இதற்குப் பழைய கைகள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். தேடும் பெயரின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவது. கிரெப் அந்த அடைப்பை "இந்த ஓர் எழுத்து" என்று பொருள் கொள்வதால் உண்மையான பிராசஸின் பெயரோடு அது பொருந்தும். கிரெப்பின் சொந்தக் கட்டளை வரியிலோ அடைப்புக்குறி எழுத்தாகவே கிடப்பதால், தன்னோடு தானே பொருந்தாது. முதன்முதலில் புரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்டைத் திறப்பவர் யாராவது "இது என்ன அச்சுப்பிழை" என்று அடைப்பை எடுத்துவிடுவார். எங்கள் அலுவலகத்தில் எடுத்தும்விட்டார்கள். "ஒன்றுக்கு மேல் இருந்தால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள் சிலர். அதையும் நம்ப முடியாது. பிஎஸ் பட்டியல் எடுக்கும் நொடியில் கிரெப் தொடங்கியும் இருக்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். எண்ணிக்கை நாளுக்கொன்றாக வரும்.

இப்படித்தான் பெயரைச் சொன்னால் அந்தப் பிராசஸைத் தேடித்தரும் பிகிரெப்புக்கு வந்து சேர்ந்தேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. விலை இல்லை. லினக்ஸில் பிஎஸ், டாப் போன்றவற்றோடு புரோக்பிஎஸ் தொகுப்பில் சேர்ந்தே வருவதால் பெரும்பாலான சர்வர்களில் தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை. சொலாரிஸ் 7 என்ற யூனிக்ஸ் இயங்குதளம் வெளிவந்த 1998-இல் அதில் அறிமுகமாகி, பிறகு லினக்ஸிலும் பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் குடும்பத்திலும் புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்ட கட்டளை. கிரெப்புக்கு இதைவிடக் கால் நூற்றாண்டு வயது கூடுதல்.

பயன்படுத்துவது எளிது. பிகிரெப் என்று எழுதி, பெயரைக் கொடுத்தால், பொருந்தும் பிராசஸ்களுக்கு அமைப்பு கொடுத்திருக்கும் எண்களை வரிக்கு ஒன்றாகத் தரும். தன்னை ஒருபோதும் கணக்கில் சேர்க்காது. கிடைத்தால் எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் விடை எண்) 0, கிடைக்காவிட்டால் 1, கட்டளையைத் தப்பாக எழுதியிருந்தால் 2, உள்ளுக்குள் ஏதாவது கோளாறென்றால் 3. "இல்லை" என்பதற்கும் "நீ கேட்டதே தப்பு" என்பதற்கும் வேறு வேறு எண் வைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு. ஸ்கிரிப்டில் எண்ணிப் பார்க்கும் வேலையே மிச்சம். இஃப் என்ற நிபந்தனை போட்டு நேராகக் கேட்டுவிடலாம்.

மாற்றினேன். அன்று மாலையே வேறு விதமான வினை வந்தது. மேட்டூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், "ஒரே பார்சலுக்கு 7 எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, 7 பார்சலா வந்திருக்கிறது?" என்று கேட்டார். பார்த்தால் ஸ்கிரிப்டின் 7 பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் காவல்காரன் வந்து, "ஆளைக் காணோம்" என்று புதிதாக ஒன்றைத் தொடங்கிவைத்திருக்கிறான்.

காரணம் பெயரின் நீளம். ஸ்கிரிப்டுக்கு நான் வைத்திருந்த பெயர் பார்சல்-அரைவல்-எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் இரண்டு கோடுகளையும் சேர்த்து 18. லினக்ஸின் கருவான கெர்னல் ஒவ்வொரு பிராசஸுக்கும் வைத்திருக்கும் குறும்பெயரில் இடம் 15 எழுத்துக்கு மட்டும்தான். எங்களுடையது "பார்சல்-அரைவல்-" என்பதோடு, அந்தக் கோட்டோடேயே அறுந்துவிடுகிறது. பிகிரெப் இயல்பாகப் பார்ப்பது இந்தக் குறும்பெயரை மட்டுமே. 18 எழுத்தைக் கொடுத்து 15 எழுத்துக்குள் தேடச் சொன்னால் எந்த நாளும் கிடைக்காது. இதில் கட்டளையை முழுதாகக் குறை சொல்லவும் முடியவில்லை. புதிய பதிப்புகள் "15 எழுத்துக்கு மேல் கொடுத்திருக்கிறாய், எதுவும் பொருந்தாது" என்று எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கையை நானே போட்டதெல்லாம் மறைந்துபோகும் டேவ்-நல் பள்ளத்தில் தள்ளியிருந்தேன், கிரான் மின்னஞ்சல் தொல்லை வேண்டாம் என்று.

எனக்கு இதில் உண்மையான மனக்குறை உண்டு. எச்சரிக்கையோடு நிறுத்தாமல், பொருந்தவே வாய்ப்பில்லாத கேள்விக்கு எக்ஸிட் கோடு 2 கொடுத்திருக்கலாம். 1 என்று சொன்னால் "தேடினேன், இல்லை" என்று ஆகிறது. அதை நம்பித்தானே காவல்காரன் 7 பேரைக் கிளப்பிவிட்டான்.

சரி, முழுக் கட்டளை வரியிலும் தேடட்டும் என்று மைனஸ் எஃப் என்ற விருப்பத்தை (ஆப்ஷனை) சேர்த்தேன். பிகிரெப்பின் மிகப் பயனுள்ள விருப்பமும் மிக ஆபத்தான விருப்பமும் இதுதான். ஜாவா நிரல்கள் பல ஓடும் சர்வரில் இது இல்லாமல் எதுவும் நடக்காது. குறும்பெயரில் பார்த்தால் எல்லாமே ஜாவா, ஒரு தெருவில் எல்லார் பெயரும் முருகன் என்பதுபோல. மைனஸ் எஃப் போட்டால்தான் எந்த வீட்டு முருகன் என்று தெரியும். ஆனால் அது யார் வாயிலிருந்து வந்தாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். என் காவல் ஸ்கிரிப்டின் பெயர் என்ன தெரியுமா? பார்சல்-அரைவல்-எஸ்எம்எஸ்-வாட்ச். தேடும் சொல் காவல்காரனின் பெயருக்குள்ளேயே இருந்தது. பிகிரெப் தன்னை ஒதுக்கிக்கொள்ளும், தன்னை அழைத்தவரை ஒதுக்காது. நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ போட்டு அழைத்தாலும் அப்படித்தான், சூடோவின் கட்டளை வரியையே பிடித்துக்கொண்டு "இதோ" என்று நீட்டும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் மூதாதையரை, அதாவது தன்னை அழைத்த பிராசஸ்களை, விலக்குவதற்கென்றே பெரிய ஏ எழுத்தில் ஒரு விருப்பம் வந்திருக்கிறது. எங்கள் பெட்டியில் இருந்தது பழைய பதிப்பு. ஆகவே மறுபடியும் வாத்தியாரே "உள்ளேன் ஐயா". மறுபடியும் ஓர் இரவு அமைதி.

காவல்காரனின் பெயரை மாற்றினேன். இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு வந்ததை நினைத்தால் இப்போதும் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. இரவுப் பணியில் எனக்கு உதவியாக ஒரு தம்பி இருக்கிறான். நல்ல பையன், எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. இரவு ஒரு மணிக்கு ஸ்கிரிப்ட் நின்றுபோயிருக்கிறது. ஏன் நின்றது என்று பார்க்க அதை விஐ எடிட்டரில் திறந்திருக்கிறான். படித்துக்கொண்டே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். காலையில் நான் வந்து கேட்டபோது, டெர்மினலில் தட்டிக் காட்டி, "அக்கா, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பாருங்கள், எண் வருகிறது" என்றான். எண் வரத்தான் செய்தது. மைனஸ் ஏ (இது சின்ன ஏ) சேர்த்து முழு வரியையும் காட்டச் சொன்னேன். எண்ணுக்குப் பக்கத்தில் விஐ, அதன் பின்னால் ஸ்கிரிப்டின் பெயர். கோப்பைத் திறந்துவைத்திருந்த எடிட்டரைத்தான் ஐந்து மணி நேரம் காவல்காரன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து "ஆள் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறான். அவன் கணக்கில் நோயாளியும் அவரைப் பரிசோதிக்க வந்த மருத்துவரும் ஒருவரே.

அதற்குப் பிறகு மைனஸ் எஃப்-ஐ ஸ்கிரிப்டுகளில் தொடுவதில்லை. கையால் தட்டிப் பார்க்கும்போது மட்டும், அதுவும் மைனஸ் ஏ துணையோடு. ஸ்கிரிப்டின் பெயரை "வரவு" என்று சுருக்கினேன், ஆங்கிலத்தில் 6 எழுத்து. மைனஸ் எக்ஸ் போட்டால் பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். மைனஸ் யு போட்டு எந்தப் பயனரின் பிராசஸ் என்றும் கட்டிவிட்டேன். இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் பிகிரெப் என்ற கருவி எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் ஒருமுறை தவறியது. தம்பி எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஸ்கிரிப்டின் முதல் வரியில் பைத்தானை நேராகக் குறிக்காமல் என்வ் என்ற கட்டளை வழியாக அழைக்கும்படி மாற்றினான். அதுவே நல்ல பழக்கம் என்று சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் நேராகக் குறித்திருந்தபோது குறும்பெயராக ஸ்கிரிப்டின் பெயர் நின்றது. என்வ் நடுவில் புகுந்ததும், அது பைத்தானை அழைத்துத் தன் இடத்தில் உட்காரவைக்கிறது, குறும்பெயரும் பைத்தான்3 ஆகிவிடுகிறது. "வரவு" காணாமல் போனது, மறுபடி பிரதிகள் பெருகின. இந்த முறை மூன்றிலேயே பிடித்துவிட்டேன்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தனியாக எழுத நேரமிருக்காது. பிகிரெப்புக்கு பிகில் என்றொரு உடன்பிறப்பு உண்டு. அதே விருப்பங்கள், ஆனால் எண்ணைக் காட்டாமல் அந்தப் பிராசஸுக்கு நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையை அனுப்பும். எதை பிகில்லால் நிறுத்தப் போகிறோமோ அதை முதலில் பிகிரெப்பால் பார்த்துவிட்டு, மேலம்பை அழுத்தி முதல் சொல்லை மட்டும் மாற்றுவது என் வழக்கம். பழைய சொலாரிஸில் கில்ஆல் என்று தட்டினால் பெயர் பார்த்து அல்ல, எல்லாவற்றையுமே நிறுத்திவிடும். லினக்ஸ் பழக்கத்தில் அங்கே போனவர்கள் பட்ட பாட்டை நான் படாதது என் முன்னோர் செய்த புண்ணியம். ஆப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள பிகிரெப் பிஎஸ்டி வழிவந்தது. லினக்ஸில் மைனஸ் ஏ முழு வரியைக் காட்டும். அங்கே அதே எழுத்துக்கு, மூதாதையரையும் தேடலில் சேர்த்துக்கொள் என்று பொருள். அதாவது அங்கே மூதாதையரை விலக்குவதுதான் இயல்பு. என்னைக் கேட்டால் அதுதான் சரியான இயல்பு.

பிகிரெப்பே இல்லாத இடமும் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சிறிய கன்டெய்னர்களுக்குள் (தேவையானதை மட்டும் அடைத்து ஓட்டும் தனிப் பெட்டிகளுக்குள்) போனால் பிஎஸ் கூட இருக்காது. அங்கே புரோக் அடைவை (ஃபோல்டரை) திறந்தால் ஒவ்வொரு பிராசஸும் தன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் அடைவாக நிற்கும். உள்ளே காம் என்ற கோப்பில் அந்த 15 எழுத்துக் குறும்பெயர் இருக்கும். பிஎஸ், பிகிரெப் எல்லாமே லினக்ஸில் இந்த அடைவைத்தான் வாசிக்கின்றன.

மாற்று வழிகளையும் சொல்லாவிட்டால் மதிப்புரை ஆகாது. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்து, பிறகு கில் மைனஸ் ஜீரோ என்று அந்த எண்ணைக் கேட்பது ஒரு வழி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஜீரோ என்றால் எந்தச் சமிக்ஞையும் போகாது, அந்த எண்ணில் ஆள் உண்டா என்று மட்டும் பார்க்கும். இரண்டு சிக்கல். வேறொரு பயனரின் பிராசஸைச் சாதாரணப் பயனராகக் கேட்டால், அது ஓடிக்கொண்டிருந்தாலும் அனுமதி இல்லை என்று தோல்வி வரும். தோல்வியை "இல்லை" என்று படித்தால் தொலைந்தது. இன்னொன்று, ஸ்கிரிப்ட் செத்துக் கோப்பு மட்டும் மிஞ்சினால், அதே எண் வேறொரு பிராசஸுக்குப் போய்விடலாம். லினக்ஸில் எண்கள் வெகுகாலம் 32,768-க்குள் சுழன்றன. இப்போது 64 பிட் சர்வர்களில், பின்னணி நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை 41,94,304 வரை உயர்த்திவிடுவதால் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

இவ்வளவும் ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்குத்தான். வேலை செய்கிறாரா என்பதற்குப் பிகிரெப் பதில் சொல்லாது. பள்ளியில் டிசி வாங்கிக்கொண்டு போன பையனின் பெயரை யாரும் அடிக்காமல் விட்டால் பதிவேட்டில் நிற்கும் அல்லவா, அதுபோல முடிந்துபோன பிராசஸின் கணக்கை அதைத் தொடங்கிய தாய்ப் பிராசஸ் வந்து வாங்காத வரை பட்டியலில் ஒரு வரி மிஞ்சும். பிஎஸ்ஸில் அதன் நிலை இஸட் என்று காட்டும், ஸோம்பி என்பார்கள். பிகிரெப்புக்கு அதுவும் ஓர் ஆள். எண்ணைத் தந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது அதைவிட நுட்பமானது. ஒரு சனிக்கிழமை, பெயர் சரி, பயனர் சரி, ஒரே ஒரு பிரதி, பிகிரெப் எண்ணைத் தருகிறது, எஸ்எம்எஸ் மட்டும் போகவில்லை. பிஎஸ்ஸிடம் அந்த எண்ணைக் கொடுத்து நிலையும் ஓடும் நேரமும் கேட்டேன். நிலை எஸ், அதாவது எதற்கோ காத்துத் தூங்குகிறது. அது சாதாரணம்தான், சர்வரில் பாதிப் பேர் அப்படித்தான் தூங்குவார்கள். ஓடும் நேரம் 11 நாள். ஸ்கிரிப்டின் பதிவுக் கோப்பில் கடைசி வரி விழுந்து 9 மணி நேரம். எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று அது ஒன்பது மணி நேரம் காத்திருந்திருக்கிறது. இவ்வளவு நொடிக்குமேல் காத்திராதே என்று நான் எழுதிவைக்கவில்லை. குற்றம் என்னுடையது. பிகிரெப்பிடம் கேட்டதற்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது.

இப்போதைய ஏற்பாடு இது. காவல்காரனுக்கு விடை கொடுத்தாயிற்று. "வரவு" சிஸ்டம்டியின் கீழ் ஒரு சர்வீஸாக ஓடுகிறது. எதனால் நின்றாலும் உடனே எழுப்பிவிடும்படி அதன் கோப்பில் ஒரு வரி போதும். ஓடுகிறதா என்று கேட்க சிஸ்டம்சிடிஎல் இஸ்-ஆக்டிவ் என்ற கட்டளை, ஓடினால் எக்ஸிட் கோடு 0. அது பெயரைத் தேடி அலைவதில்லை, தானே பெற்ற பிள்ளை என்பதால் அடையாளம் தெரியும். விஐ-யைத் திறந்துவைத்துத் தூங்கினாலும் ஏமாறாது. காத்திருப்பில் மாட்டிக்கொள்வதற்காக, ஒவ்வொரு எஸ்எம்எஸ் போனதும் ஒரு சிறு கோப்பைத் தொட்டு நேரத்தைப் புதுப்பிக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதினேன். அந்த நேரம் அரை மணிக்கு மேல் பழையதானால் என் கைபேசிக்குத் தகவல் வரும். சிஸ்டம்டியிலேயே இதற்கென்று வாட்ச்டாக் ஏற்பாடு இருக்கிறது. அதை இன்னும் முயன்று பார்க்கவில்லை.

அப்படியானால் பிகிரெப்? ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்த 15 எழுத்து விவகாரத்துக்காக. நிரந்தரமாக ஓட வேண்டிய சர்வீஸுக்குக் காவல் போட இதை எடுக்காதீர்கள். கையால் கேட்கும் கேள்விக்கு, பேக்அப் முடிந்ததா, இரண்டு பிரதி ஓடுகிறதா, யாருடைய பெயரில் ஓடுகிறது என்பதற்கெல்லாம், இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. தம்பியும் கற்றுக்கொண்டான். எண்ணை மட்டும் பார்த்து அவன் இப்போது எதையும் சொல்வதில்லை, மைனஸ் ஏ போடாமல் அவன் விரல் என்டரை அழுத்துவதும் இல்லை.

முதலாளி மட்டும் மாறவில்லை. காலையில் உள்ளே நுழையும்போதே, "சர்வர் ஓடுகிறதா அம்மா?" என்பார். முன்பெல்லாம் "ஓடுகிறது" என்பேன். இப்போது கைபேசியைப் பார்த்து, கடைசி எஸ்எம்எஸ் போன நேரத்தைச் சொல்கிறேன். இன்று காலை, 6 மணி 18 நிமிடம். ஆத்தூருக்கு, விதை மூட்டை.